வெள்ளப் பை

மழை இருட்டிய மத்தியானம். ஜன்னல் வெளிச்சம் தையல் மேசைவரைதான் எட்டுகிறது. மிச்சம் விழுந்த பேண்ட் துணிகளை ஒட்டுப்போட்டு மகள் தைத்த முதுகுப்பை அங்கே வாயைப் பிளந்து கிடக்கிறது. ஆற்றில் தண்ணீர் ஏறினால் மாட்டிக்கொண்டு ஓட வேண்டிய பை. பழைய பாட்டில்களில் தண்ணீர், டார்ச், பிளாஸ்டிக் உறைக்குள் முடிந்த தீப்பெட்டி, பேத்தியின் பிஸ்கட். ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு, அப்பா தன் மாத்திரைப் பட்டைகளை மூன்றாவது முறையாக வெளியே எடுத்து வைக்கிறார். “இந்தக் கால வெச்சுக்கிட்டு நான் எங்கம்மா ஓடப் போறேன்? பாப்பாவுக்கு இன்னும் ரெண்டு பிஸ்கட் வை.” மகளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. “நூறு கிராம் மாத்திரையா பாரம்? உங்க வீம்புதான்ப்பா பாரம். உயிர வாங்காதீங்க!” பட்டைகளை உள்பையில் திணிக்கிறாள். ஊசியில் நூல் கோர்த்து உள்பையின் வாயை நெருக்கமாகத் தைக்கிறாள். துணியில் நூல் சர்சர்ரென்று ஏறி இறங்குகிறது. அப்பா குனிந்து பார்க்கிறார். “தைச்சு மூடிட்டா, அவசரத்துக்கு எப்படி எடுக்கிறதாம்?” அவள் நூலைப் பல்லால் கடித்து அறுக்கிறாள். “கத்தரிக்கோல் என் இடுப்புலதான் இருக்கும். மாத்திரை வேணும்னா என்கூட வாங்க.”