கீழிருந்து வந்த சேதி

"பாஸ்வேர்டு போட்டா உள்ள வுடுது மேடம். ஆனா இன்னா வேலை சொன்னாலும் 'உனக்கு அதிகாரம் இல்ல'ன்னுது," என்றார் விதைக் கிடங்குப் பொறுப்பாளர் பூமாலை.

அந்த லினக்ஸ் கணினியைச் சரிசெய்யத்தான் கள்ளக்குறிச்சித் தலைமை அலுவலகத்திலிருந்து இலக்கியா கல்வராயன் மலைக்கு ஏறி வந்திருந்தாள்.

"உங்க பாஸ்வேர்டை இந்தப் பொட்டியே ஞாபகம் வெச்சிருக்குது சார், அதான் உள்ள வுடுது. யாருக்கு இன்னா அதிகாரம்னு கள்ளக்குறிச்சி சர்வர்தான் சொல்லணும். நெட் ஒயரை யாரு கழட்டுனது?"

"மூணு மாசம் முன்னால இடி இடிச்சப்போ நான்தான் புடுங்கினேன். அன்னிலருந்து அதைத் தொடவே பயம். சொருவித் தாங்கடான்னா ஒருத்தனும் காதுல வாங்கல. எவனும் எங்கிட்ட பேசறதுகூட இல்ல மேடம்."

புலம்பலைக் கேட்டுக்கொண்டே இலக்கியா ஒயரைச் செருகினாள். பின்னால் நின்று அவர் பாஸ்வேர்டைச் சொல்லச் சொல்லத் தட்டினாள். இந்த முறை உள்ளேயே விடவில்லை. தன் கணக்கில் நுழைந்து, சர்வரில் அவர் பெயரைத் தேடினாள்.

'பூமாலை. கணக்கு மூடப்பட்டது. காரணம்: கிடங்கில் மின்னல் தாக்கி மரணம்.' தேதி, மூன்று மாதத்துக்கு முந்தையது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தோளுக்குப் பின்னாலிருந்து அவரும் அதை எழுத்துக்கூட்டிப் படிப்பது கேட்டது.

"ஓ... அதான் எவனும் எங்கிட்ட பேசறதில்லியா மேடம்?"