வெல்டருக்கு வாங்கிக் கொடுத்த டீ

இரும்புக் கதவு செய்த வகையில் லோடுமேன் வெல்டருக்குத் தரவேண்டிய பாக்கி அறுநூறு ரூபாய். நல்லவேளை, வெல்டருக்குக் கண் மங்கல். எதிரே நிற்பது யாரென்றே தெரியாது.

ஞாயிறுதோறும் தெருமுனையில் இலவசக் கண் பரிசோதனை. வெல்டர் கிளம்பினால் போதும், லோடுமேன் மூக்கைப் பிடித்துக் குரலை மாற்றிக்கொண்டு ஓடிவந்து மறிப்பான்.

“அங்க போகாதீங்க மாமா! மருந்து ஊத்தியே இருக்கிற பார்வையையும் பிடுங்கிடுவாங்க. வாங்க, டீயும் பன்னும் நான் வாங்கித் தரேன்.”

“நீ சொன்னா சரிதான் தம்பி” என்று வெல்டரும் திரும்பிவிடுவார்.

மூன்று மாதம் இப்படியே ஓடியது. இன்று பன்னைத் தின்று முடித்த வெல்டர், வாயைத் துடைத்துக்கொண்டார்.

“இதோட உன் அறுநூறும் கழிஞ்சுதுடா லோடுமேன். அடுத்த வாரம் குறுக்க வராதே, டாக்டரைப் பார்க்கணும்.”

லோடுமேனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “மாமா... அப்போ கண்ணு நல்லாத் தெரியுதா?”

“எங்கடா தெரியுது! உன் குரல் தெரியாதா எனக்கு? பாக்கி வசூலாகட்டும்னுதான் இத்தனை நாளா கண்ணைக் காட்டாம இருந்தேன்!”