சுங்கச்சாவடி

“என் ஃபைலை மூணு வாரமா அடைகாக்கிறார் மேடம். இன்னும் குஞ்சுதான் பொரியல!”

இயக்குநரின் அறையில் ஆய்வு மாணவியின் குரல் உடைந்தது. கோபமா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். கடைசி அத்தியாயத்துக்கு மூன்று இடத்துத் தகவல் சேர வேண்டும். இவள் எடுத்த மரபணு விவரம், பக்கத்து ஆய்வகத்தின் ரத்தப் பரிசோதனை, ஆஸ்பத்திரியின் நோயாளிக் குறிப்பு. எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஒரே இடத்தில் தேடும்படி இணைத்துக் கொடுப்பது தகவல் பிரிவுக்காரரின் வேலை.

அவரைத் தாண்டாமல் எதுவும் போகாது. சீக்கிரமும் போகாது. அதனால் அவருக்குப் பெயரே சுங்கச்சாவடி.

“மத்த ரெண்டும் ரெடியாம். என்னுதுக்கு மட்டும் ‘ரெண்டு நாள் பொறும்மா’. எத்தனை ரெண்டு நாள் மேடம்?”

இயக்குநர் அவரை வரவழைத்தார்.

“என்ன சார், பொண்ணு சொல்றது நிஜமா?”

“நிஜம்தான் மேடம். தாமதம் என்னாலதான். இப்பத்தான் முடிச்சேன், திறந்து விட்டாச்சு.”

“ஒரு பிள்ளையோட படிப்புல விளையாடலாமா?”

“தப்புதான் மேடம்.”

அவளுக்கு உள்ளூர ஒரு துள்ளல். மேலே சொன்னால்தானே சில பேர் வழிக்கு வருகிறார்கள்!

வெளியே வந்தும் விடவில்லை. “இதை முன்னாடியே செஞ்சிருந்தா நான் ஏன் சார் மேடம்கிட்ட போறேன்?”

அவர் ஒரு தாளை நீட்டினார். “மூணையும் முதல் தடவை சேர்த்துப் பார்த்தப்ப வந்தது. மரபணு ஆம்பிளைங்குது, ஆஸ்பத்திரிக் குறிப்பு ஏழு மாசக் கர்ப்பம்ங்குது. மொத்தம் பதினேழு பேர்.”

அவள் பொங்கிச் சிரித்தாள். “ஆஸ்பத்திரிக்காரங்க லட்சணம் இதுதானா சார்?”

“தப்பு அவங்களுது இல்லைம்மா.”

அவள் சிரிப்பு பாதியில் நின்றது.

“உன் அட்டவணையில, நோயாளி எண் போட்ட பத்தியில நாலு இடத்துல ஒரு கட்டத்தை அழிச்சிருக்கே. கீழே இருந்த எண்ணெல்லாம் ஒரு படி மேலே ஏறிடுச்சு. ஒருத்தர் மரபணு அடுத்தவர் கணக்குல. எங்கே நழுவிச்சுன்னு தெரியணுமே. குளிர் அறையில உட்கார்ந்து எண்ணூறு சாம்பிள் குழாய் லேபிளையும் ஒண்ணொண்ணா ஒத்துப் பார்த்தேன்.”

அவள் தாளை வாங்கி மேலும் கீழும் பார்த்தாள். “அப்ப என் ஆய்வேடு?”

“அதுக்கு ஒண்ணும் ஆகல. இப்ப எல்லாம் அதது இடத்துல உட்கார்ந்திருச்சு. இந்தத் திருத்தத்துல நீ ஒரு கையெழுத்துப் போடு. வெள்ளிக்கு மூணு நாள் இருக்கு, தைரியமா எழுது.”

போன உயிர் திரும்பி வந்தது. சுவரில் சாய்ந்துகொண்டாள்.

“என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே சார்?”

“சரியாகுமான்னு எனக்கே தெரியல. அதுக்குள்ள உன்னை எதுக்குப் பயமுறுத்தணும்?”

“உள்ளே மேடம் அவ்வளவு திட்டினாங்களே...”

“உனக்கு இனிமேதான் பேரு வரணும், அதுல கரும்புள்ளி விழக் கூடாது” என்றார் அவர். “என் பேர்ல புள்ளி வைக்க இடமே இல்லைம்மா, எல்லாரும் சேர்ந்து எப்பவோ வச்சு முடிச்சுட்டீங்க.”