சத்து மாத்திரை

விவாகரத்துக்கான விடுதலைப் பத்திரம் பாயில் விரிந்து கிடந்தது. கையெழுத்துப் போட வேண்டிய அகிலாண்டேஸ்வரி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. மாமியார் சொக்குவுக்கு அதுதான் புதிராக இருந்தது.

மூன்று வருடத்தில் மருமகள் அழாத நாளை அவள் பார்த்ததில்லை. சோறு வடிக்கும்போது அழுவாள், கோலம் போடும்போது அழுவாள். ஒருநாள் கிணற்றுச் சுவரில் ஏறி நின்றவளைத் தெருவே கூடி இழுத்துப் போட்டது.

சொக்குவும் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடவில்லை. கோட்டையூரிலிருந்து பிள்ளையார்பட்டிக்கு நடந்தாள். மந்திரித்துக் கயிறு கட்டினாள். வேப்பிலையால் அடிக்கவும் விட்டாள். புத்தியும் தெளியவில்லை, வயிறும் திறக்கவில்லை. "பைத்தியமும் மலடும் ஒண்ணாச் சேந்து என் வீட்டுக்கு வந்துருக்கு" என்று ஊரெல்லாம் சொல்லித் தீர்த்தாள்.

மகன் அழகுசுந்தரம் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. மதுரையில் மருந்துக் கம்பெனி வேலை. அங்கே ஒரு பெண்ணைத்தான் கட்டுவேன் என்று நின்றவனை, அரளி விதையைக் கையில் வைத்துக்கொண்டு மிரட்டி இவள் கழுத்தில் தாலி கட்ட வைத்தது சொக்குதான்.

ஆனாலும் பெண்டாட்டியை எப்படித் தாங்கினான்! தினம் ஒரு சத்து மாத்திரை. "மூணு வாரம் விடாமச் சாப்புடணும், ஒரு வாரம் நிறுத்தணும். இல்லாட்டி ஒடம்புக்குச் சூடு" என்பான். அவன் ஊரில் இல்லாத நாளில் எடுத்துக் கொடுத்து, அவள் விழுங்கும்வரை நின்று பார்ப்பது சொக்குவின் வேலை.

ஆவணியில் அவளை அரியக்குடிக்குத் தகப்பன் வீட்டுக்கு அனுப்பியபோதும், ஆறு அட்டை மாத்திரையைப் பையில் வைத்துக் கொடுத்தான். தீபாவளிக்குப் போய் இரண்டு நாள் இருந்துவிட்டும் வந்தான். இனிமேல் முடியாது, அந்த மதுரைப் பெண்ணே வரட்டும் என்று இந்தத் தையில் சொக்குவே இறங்கி வந்துவிட்டாள்.

அகிலாவின் தகப்பனார் சத்தியமூர்த்தி பத்திரத்தின் பக்கமே திரும்பாமல் உட்கார்ந்திருந்தார். மானக்கேடு என்று சொக்கு நினைத்துக்கொண்டாள்.

"போடு அகிலா, நேரமாச்சு" என்றான் அழகுசுந்தரம்.

"எதுக்காக என்னைய விலக்குறீகன்னு இதுல எழுதிருக்கு?"

"புத்தி சரியில்ல, புள்ளையும் இல்லைன்னு." அவன் தரையைப் பார்த்தே சொன்னான்.

"ரெண்டுமே பொய்யாப் போச்சே. எனக்கு இது மூணாம் மாசம்."

சொக்கு பத்திரத்தை மிதித்துக்கொண்டே ஓடிப் போய் மருமகளைக் கட்டிக்கொண்டாள். "என்னப் பெத்த ஆத்தா! இந்த வாயிதான் ஒன்னைய மலடின்னுச்சு, இதுல மண்ணைப் போட!"

அழகுசுந்தரம் சுவரைப் பிடித்துக்கொண்டான். சந்தோஷம் தாங்கவில்லை போலும் என்று எண்ணினாள் தாய்.

"டேய், ஒன் மாத்திரை வீண் போகலடா! மூணு வருசமா என் கையால குடுத்தேனே! அதுதான் புத்தியத் தெளிய வச்சு, வயித்தையும் தெறந்துருக்கு!"

அகிலா மாமியாரின் கைகளை மெல்ல விலக்கினாள். குரலில் கோபம்கூட இல்லை. "அந்த மாத்திரைய நிறுத்துன பிறகுதான் அத்தை, ரெண்டும்."

"என்னாத்தா சொல்ற?"

"அரியக்குடி போனதும் ஒரு லேடி டாக்டர்ட்ட அந்த அட்டையக் காட்டுனேன். அதுல ஹார்மோன் இருக்காம். சில பொம்பளைகளுக்கு அது மூளையவே கலக்கி, காரணமில்லாம அழ வைக்கும், சாகத் தோணும்னாக. அன்னைக்கே தூக்கி எறிஞ்சேன். ஒரு மாசத்துல அழுகை நின்னு போச்சு."

சொக்கு மகனைப் பார்த்தாள். அவன் நிமிரவில்லை. "சத்து மாத்திரை எப்படியாத்தா அழ வைக்கும்?" என்றாள்.

"அது சத்து மாத்திரை இல்ல அத்தை, கருத்தடை மாத்திரை."