மஞ்சள் கோடு

1991 ஆவணி, ஞாயிறு பின்னேரம் நான்கு மணி. சம்பந்தி வரும் நேரம். அம்பலவாணன் லண்டன் ஹரோ வீட்டின் அலுமாரியெல்லாம் கிளறி, இடுப்பில் கட்டும், பச்சையும் சிவப்பும் கட்டம் போட்ட தன் சாரத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

"நீர்தானே ஒளிச்சு வச்சனீர்?"

"நான் ஏன் ஒளிக்கிறன்? துலைஞ்சது நல்லது," என்றாள் மனைவி தவநாயகி. "கிழிசலுக்கு நான் மஞ்சள் நூலோடித் தைச்ச சாரம். அதோட சம்பந்திக்கு முன்னால நிண்டா எங்கட மானம் என்னாகும்? காற்சட்டையைப் போடுங்கோ."

அழைப்பு மணி அடித்தது. காற்சட்டையோடு போய்க் கதவைத் திறந்தார்.

வாசலில் மாப்பிள்ளையின் தகப்பன் ஹமிஷ். ஸ்கொட்லாந்துக்காரர். இடுப்பில் முழங்கால் வரை கட்டம் போட்ட கில்ட் பாவாடை.

"எங்கள் குலத்துக்கென்று அடையாளமான டார்ட்டன் கட்டம் இருக்கவில்லை. துணி வடிவமைப்புப் படிக்கும் உங்கள் மகள்தான் வரைந்து தந்தாள்," என்றார் ஆங்கிலத்தில், பெருமையாக. "பச்சை எங்கள் மலை. சிவப்பு எங்கள் வீரம். இந்த மஞ்சள் கோடு உங்கள் பரம்பரைச் சின்னமாமே?"

அம்பலவாணன் குனிந்து கட்டங்களை உற்றுப் பார்த்தார். பிறகு மனைவியிடம் தமிழில் கேட்டார்:

"இஞ்சாருமப்பா, எங்கட பரம்பரைச் சின்னத்தை நீர் எந்த வருசம் தைச்சனீர்?"