டாக்டர் உத்தரவு

"என் மருமகளுக்கு என்ன கேடுன்னு இந்த டெஸ்ட்?"

மாமியார் போட்ட சத்தத்தில் பெஞ்சில் இருந்த கர்ப்பிணிகள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஏழு மாத வயிற்றோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த தையல்காரி மருமகளுக்கு எங்காவது ஓடி ஒளியலாம் போலிருந்தது.

நர்ஸ் அசைந்து கொடுக்கவில்லை. "உங்க மருமகளுக்கு மட்டும் இல்லம்மா. இன்னிக்கு வந்திருக்கிற எல்லாருக்கும். டாக்டர் உத்தரவு."

"அந்த இடத்துல டெஸ்ட் எடுக்க நாங்க என்ன சுத்தபத்தம் இல்லாதவங்களா?"

"அதை டாக்டர்கிட்டயே கேளுங்க."

முசுடு. அந்த நர்ஸுக்கு அங்கே அதுதான் பெயர். இன்று அதைச் சொல்லிச் சொல்லியே கரித்துக் கொட்டினார்கள். தையல்காரி மட்டும் வாயைத் திறக்கவில்லை.

மூன்று வாரமாக அவளுக்கு வெள்ளைப்படுதலும் அரிப்பும். மெஷினில் சேர்ந்தாற்போல் பத்து நிமிஷம் உட்கார முடியவில்லை. புருஷனிடம் சொல்லக் கூச்சம். போன தடவை இதே நர்ஸ், "ஏதாவது தொந்தரவு இருக்கா?" என்று கேட்டபோது பக்கத்திலேயே மாமியார் இருந்தார். "ஒண்ணும் இல்ல சிஸ்டர்" என்று சொல்லிவிட்டாள்.

திரைக்குப் பின்னால் ஒரு பஞ்சுக்குச்சி, அரை நிமிஷம். அவ்வளவுதான் டெஸ்ட்.

ஒரு மணி நேரத்தில் ரிசல்ட் வந்தது. ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டார்கள். முதல் ஆள் தையல்காரி.

"தொற்று இருக்கும்மா," என்றார் டாக்டரம்மா. "பயப்படாதே. இந்தச் சமயத்துல நிறைய பேருக்கு வர்றதுதான், யார் மேலயும் தப்பு இல்ல. மாத்திரையில சரியாயிடும். கவனிக்காம விட்டாத்தான் குறைமாசத்துலயே வலி வரலாம். நல்லவேளை, கூச்சப்படாம சொன்னே."

"நான் எங்க டாக்டர் சொன்னேன்? நீங்கதானே எல்லாருக்கும் எடுக்கச் சொன்னீங்க?"

"நானா?"

டாக்டரம்மா அப்போதுதான் மேஜையிலிருந்த காகிதக் கட்டைப் புரட்டினார். பதினெட்டு ரிசல்ட். நர்ஸைக் கூப்பிட்டார்.

நர்ஸ் வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

"தப்புதான் மேடம். தொந்தரவு இருக்கான்னு கேட்டா, கூட வந்தவங்க முகத்தைப் பாத்துட்டு இல்லைன்னுடறாங்க. ஒருத்தியை மட்டும் உள்ள கூப்பிட்டா, வீடு போய்ச் சேர்றதுக்குள்ள ஏன் எதுக்குன்னு அவளைக் குடைஞ்சு எடுத்துடுவாங்க. அதான் எல்லாருக்குமா எடுத்துட்டேன்."

தையல்காரி நர்ஸ் பக்கம் திரும்பினாள். "எனக்காகவா சிஸ்டர்?"

"இல்லம்மா. நான் நினைச்சது வேற ஒருத்தியை. உன் மேல எனக்குச் சந்தேகமே வரல."

வெளியே மாமியாரின் குரல் கேட்டது. "இப்படி ஒரு உத்தரவை எந்த மகராசி போட்டான்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

டாக்டரம்மா எழுந்து போய்க் கதவைத் திறந்தார்.

"நான்தான்மா போட்டேன்."