பிடிபட்ட ஊரில் போர்வெல்

கந்தம்மாள் உறைமோர் வாங்கத்தான் வந்திருக்கிறாள், நம்புவோம். கண்ணெல்லாம் பக்கத்து வீட்டு ஷாலினியின் செல்போனில். அந்த வீடியோ காலில் ஷாலினியின் புருஷன் தீனதயாளன், வேற்றுநாட்டுப் படை பிடித்துவைத்திருக்கும் ஊரொன்றில், குழாயெல்லாம் குண்டில் உடைந்துபோன சனங்களுக்காக ரிக் வண்டியில் போர்வெல் போடுகிறான். தேங்காய் கிடைக்காமல் மாதுளம்பழத்தை உடைத்துப் பூசை போட்டிருக்கிறான். “மாதுளைக்கெல்லாம் தண்ணி வருமா சாமி? பட்டாளத்தான் எப்படி உட்டான்?” என்கிறாள் கந்தம்மாள். “ஊரைப் பிடிச்சவன் அங்கிருக்கிற சனத்துக்குத் தண்ணிக்கு வழி பண்ணோணும்னு சட்டம் இருக்குதுங்கக்கா. செஞ்சிலுவைக்காரங்க எடுத்துச் சொன்னாங்களாம்” என்கிறாள் ஷாலினி. “நம்ம தண்ணி லாரிக்காரனுக்கும் ஆராச்சும் எடுத்துச் சொன்னாத் தேவலை.” குழியிலிருந்து வெறும் புழுதியே வெள்ளையாகப் புகைகிறது. புழுதி கறுத்துச் சேறாகிறது. சேறு தண்ணீராக எழும்பி வெயிலில் சிதறுகிறது. முள்கம்பிக்கு அப்பால் குடங்களோடு நிற்கும் பெண்கள் காவல் சிப்பாயைப் பார்க்கிறார்கள். அவன் வழியை மறித்திருந்த குறுக்குக் கட்டையைத் தூக்குகிறான்.